பேய்க்குக் கொடுத்த குரல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளை எல்லோரும் ‘மூச்சு’ என்றே அழைத்தார்கள். வேலையிலிருந்து வந்த பெயர் அது. நடிகர்கள் பேசிப் பதிந்த வசனங்களுக்கு நடுவே விழும் மூச்சுச் சத்தங்களை வெட்டிச் சீர்செய்வது அவள் பொறுப்பு. எல்லா மூச்சையும் வெட்டிவிட முடியாது. ஓடிவந்தவளுக்கு மூச்சு வாங்க வேண்டும். பொய் சொல்பவனுக்கு வாய் திறக்குமுன் சிறிதளவு வேண்டும். பேய்க்கு மட்டும் கூடவே கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு பேயின் குரலிலிருந்து மூச்சு முழுவதையும் துடைத்தெடுத்துவிட்டு, “செத்தவங்களுக்கு எதுக்கு சார் காத்து?” என்று கேட்டாள். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தக் கூடத்தில் பேய்கள் மூச்சுவிடுவதில்லை என்பது அன்று முதல் சட்டமாயிற்று. அவளுக்கும் பெயர் நிலைத்துவிட்டது.

கூடம் என்பது சற்றே பெரிய சொல். டயர் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான். ஒன்றில் கணினிகளும் பக்கத்து அறையைப் பார்க்கும் ஒரு கண்ணாடிச் சன்னலும் இருந்தன. மற்றதில் சுவரெங்கும் பழைய மெத்தைகளைச் சாய்த்து நிறுத்தி, நடுவில் ஒரு மைக்கை வைத்திருந்தார்கள். கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கினால் மேலே பேய் பாதி வசனத்தில் நின்று காத்திருக்கும். பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் கைபேசியில் கேட்கும் திகில் தொடர்களை அங்கே தயாரித்தார்கள். எலும்பு முறியும் சத்தத்துக்குக் கேரட்டை ஒடிப்பார்கள். ஒடித்தது வீணாகக் கூடாதென்று முதலாளி அதைக் கழுவி எல்லோருக்கும் நீட்டுவார். “பேய் கடிச்ச மிச்சம், வெக்கப்படாம சாப்பிடுங்க” என்பார்.

மூச்சு ஒரு திருநங்கை. இருபது வயதைக் கடந்து அதிக காலம் ஆகவில்லை. மூச்சு வெட்டுவதோடு இளம்பெண் பாத்திரங்களுக்குக் குரலும் கொடுத்தாள். அந்தக் குரல் அவளுக்குத் தானாக வாய்த்ததன்று. செங்கல் செங்கலாகக் கட்டியது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு முனகிப் பழகினாள். நெஞ்சுக்குள்ளிருந்து எழும் ஒலியைச் சிறிது சிறிதாக வாயின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். வெளியே முக்காலியில் அமர்ந்திருந்த அக்கா தீர்ப்புச் சொல்வாள்: இது பூனை, இது காய்ச்சல்காரி, இது மனுஷி. ஒருநாள் எரிவாயு உருளைக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்தபோது மறுமுனையில் இருந்தவர், “சொல்லுங்கம்மா” என்றார். மூச்சு பேச வந்ததை மறந்து நின்றாள். அக்கா போனைப் பிடுங்கி முகவரியைச் சொல்லி முடித்துவிட்டு, தங்கையைக் கட்டிக்கொண்டு அந்தச் சின்ன அடுக்களையில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அக்காதான் கூடத்தின் கதாசிரியை. மூச்சை அங்கே வேலைக்குச் சேர்த்ததும் அவள்தான். அதற்கு முன்பே, அப்பா வீட்டில் மூச்சின் தட்டையும் தம்ளரையும் மட்டும் தனியாக எடுத்து வைக்கத் தொடங்கிய வாரத்தில், வாடகைக்கு ஒரு வீடு பிடித்துத் தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறியவளும் அவளே. “தட்டு தனியா இருக்கணும்னா வீடும் தனியாவே இருக்கட்டும்ப்பா” என்று வாசலில் செருப்பு மாட்டியபடி அவள் சொன்னதை மூச்சு தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இவை அனைத்துக்கும் தொடக்கமாக ஒரு குரல் செய்தி இருந்தது. அப்போது மூச்சுக்குப் பதினாறு வயது. அக்கா வேலை நிமித்தமாக வேறோர் ஊரில் தங்கியிருந்தாள். ஒரு மதியம், வீட்டின் பின்னறையில், ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று தட்டும் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, உடைந்துகொண்டிருந்த ஆண்பிள்ளைக் குரலில் அவள் பேசினாள்: “அக்கா, நான் பேசறது கேக்குதா? வெளிய தெரியற ஆள் நான் இல்லக்கா. உள்ள ஒருத்தி இருக்கா. அவதான் பேசறா. என்னை இங்கயே விட்டுட்டுப் போயிடாத.” பிறகு சற்று நேரம் மூச்சுவிடும் சத்தம் மட்டுமே. அன்று மாலை அக்காவிடமிருந்து பதில் வந்தது. “கேக்குதுடி.” அவ்வளவுதான். அந்த ‘டி’யை வைத்துக்கொண்டு மூச்சு பல மாதங்கள் உயிர் வாழ்ந்தாள்.

ஆகவே, திருநங்கை ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்து ஒரு திகில் தொடர் எழுதப்போவதாக அக்கா சொன்னபோது மூச்சு மறுக்கவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பதினாறு வயதுப் பெண். அவளுக்கு ஒரு தோழன், அவன் திருநம்பி. பொழுது சாயும் வேளையில் அவள் அறைச் சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. இருவரும் அதைத் தேடிப் போகிறார்கள். நாயகிக்கு மூச்சே குரல் கொடுப்பதென்று முடிவாயிற்று. தோழனுக்குக் குரல் கொடுத்தவன் பகலில் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவன். அவனும் திருநம்பிதான். கூடத்தில் அவனுக்குக் ‘கூரியர்’ என்று பெயர். வசனத்தையும் பொட்டலம் போலவே, தாமதமின்றி, சேதமின்றிக் கொண்டுவந்து சேர்ப்பான் என்று முதலாளி புகழ்வார்.

மூச்சு ஒரேயொரு நிபந்தனை வைத்தாள்.

“நம்ம மாதிரி ஆளுங்க கதையில வந்தா, ஒன்னு பேயா வரோம், இல்ல பொணமா வரோம். இவ கடைசி வரைக்கும் உசுரோட இருக்கணும். இவளோட பழசையும் பேயாக்கக் கூடாது. பையனா இருந்தான், அவன் செத்தான், ஆவியா வந்தான்னு ஆரம்பிச்சுடாதக்கா.”

“சத்தியம் பண்ணணுமா?”

“வேணாம். நீ சொன்னா போதும்.”

அக்கா சொன்னாள். சுவருக்குள் இருப்பது அந்த விடுதியில் முன்பு வேலை பார்த்து மாண்டுபோன ஒரு காவலாளி என்று திட்டமாயிற்று. தொடர் வெளிவரத் தொடங்கியது. பிள்ளைகள் விரும்பிக் கேட்டார்கள். மூச்சு குடியிருந்த கட்டடத்தின் பிள்ளைகள்கூட மாடிப்படியில் கூடி அமர்ந்து, ஒரே கைபேசியைச் சுற்றித் தலைகளை முட்டிக்கொண்டு கேட்டார்கள். நாயகியின் குரல் தங்களைத் தாண்டிப் படியேறிப் போகும் மூச்சினுடையது என்பது அவர்களுக்குத் தெரியாது.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தொடராயினும் கடைசிப் பகுதியை ஒவ்வொருவராகத் தனித்தனியே பதிவார்கள். ஒருவர் பேசியதை மற்றவருக்குப் போட்டுக் காட்டமாட்டார்கள். முன்பொரு நடிகர் தன் அண்ணன் மகளிடம் முடிவை உளறி, அவள் வழியாக ஒரு பள்ளி முழுவதும் அது பரவிவிட்டதால் ஏற்பட்ட கட்டுப்பாடு. தாளில் அவரவர் வசனம் மட்டும் இருக்கும். எதிராளி பேசும் இடத்தில் வெற்றுக்கோடு இருக்கும். மூச்சுக்குக் கிடைத்த தாளில், பேயின் கோடுகளுக்கு இடையே நாயகியின் பதில்கள் இருந்தன. “உன்னை எனக்குத் தெரியாது. நீ யாரும் இல்ல. போ.”

காவலாளியை விரட்டுகிறோம் என்று எண்ணியே அவள் பேசினாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்த அக்காவுக்குத் திருப்தி வரவில்லை. “இன்னும் வெறுப்பு வேணும்டி. இனிமே யார் மூஞ்சியில முழிக்கவே கூடாதுன்னு நினைக்கிறியோ, அவங்களை மனசுல வெச்சுக்கோ” என்றாள். பள்ளியில் எல்லோர் முன்னிலையிலும் தன்னை நடந்துகாட்டச் சொல்லி வகுப்பையே சிரிக்கவைத்த விளையாட்டு ஆசிரியரை மூச்சு நினைத்துக்கொண்டாள். அடுத்த முறை அந்தப் ‘போ’ மெத்தைகளையும் துளைத்துக்கொண்டு போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நன்றாக அமைந்துவிட்ட மகிழ்ச்சி என்றே மூச்சு எடுத்துக்கொண்டாள்.

துண்டுகளை ஒட்டும் வேலையை இம்முறை முதலாளியே செய்தார். மூச்சிடம் அது போகக் கூடாதென்று அக்கா அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. கடைசிப் பகுதி வெளியாகவிருந்த நாளின் மதியம், ஒட்டி முடித்ததை ஒருமுறை கேட்ட முதலாளிக்கு, பேய் மூச்சுவிடுவது காதில் பட்டது. கூடத்தின் சட்டப்படி அது குற்றம். வேறெதையும் யோசிக்காமல் கோப்பை மூச்சின் கணினிக்கு அனுப்பிவிட்டு, “பேய்க்கு மூச்சு வாங்குதும்மா, கொஞ்சம் பாரு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மூச்சு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலி சேர்த்திருந்தார்கள். முதலில் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பேய் பேசி நிறுத்திய இடத்தில், வெட்ட வேண்டிய மூச்சைத் தேடி ஒலியைக் கூட்டினாள். மூச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம் இருந்தது. டக். சற்றுப் பொறுத்து மீண்டும் டக். அது ஒரு மின்விசிறி என்று காது சொல்லிற்று. எந்த மின்விசிறி என்று உடம்பு சொல்லிற்று. விரல்கள் தாமாகவே குரலை மேலே ஏற்றின. பின்னறையின் மதியம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. “அக்கா, நான் பேசறது கேக்குதா?”

அதற்கு அடுத்த நொடியில், அவளுடைய இன்றைய குரல், அவளே பாடுபட்டுக் கட்டிய குரல், பதில் சொன்னது. “உன்னை எனக்குத் தெரியாது. நீ யாரும் இல்ல. போ.”

பேய் கெஞ்சியது. என்னை இங்கயே விட்டுட்டுப் போயிடாத என்றது. “போ” என்று அவள் மறுபடியும் விரட்டினாள்.

அக்கா தேநீர்க் குவளையுடன் உள்ளே வந்தாள். திரையைப் பார்த்ததும் குவளையை மேசையில் வைத்தாள். வைக்கும்போது கொஞ்சம் சிந்திற்று.

“உன்கிட்ட ஏன் இது வந்துச்சு?” என்பதுதான் அவள் முதலில் கேட்டது.

மூச்சு சத்தம் போடவில்லை. இது வெளியே போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அக்கா அருகில் அமர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளியின் நெருக்கடி என்றாள். தொடரின் முடிவு சப்பென்று இருந்தால் அடுத்த தொடர் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். தான் யோசிக்காமல் செய்துவிட்டதாகவும், காவலாளியின் பழைய பதிவு கைவசம் இருப்பதாகவும் சொன்னாள். “நானே மாத்தி ஏத்திடறேன். நீ வீட்டுக்குப் போ. முகமெல்லாம் எப்படியோ ஆயிடுச்சு பாரு.”

அந்தக் கோப்பு அப்போது மூச்சின் கையில் இருந்தது. பேயின் வரியை முழுவதும் அழித்துவிட்டு எழுந்துபோக ஒரு விசை போதும். அக்காவே சொல்லிவிட்டாள் என்பதால் விசையிலிருந்து விரலை எடுத்தாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்கள். அவள் வாலையும் பிடிக்கவில்லை.

மாலையில் வீட்டுக்குத் திரும்பி, கட்டடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வழக்கம்போல் கைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வழிவிட்டு நகரக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. பயத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். கைபேசிக்குள்ளிருந்து, கிணற்றடியிலிருந்து வரும் குரல், வெளிய தெரியற ஆள் நான் இல்லக்கா என்றது. ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு ‘போ’ வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மூச்சு கைப்பிடியைப் பற்றியபடி, அவர்கள் நடுவே ஒற்றைக் காலை மேற்படியில் வைத்து நின்றாள்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் கூரியர் அழைத்தான். அவனுக்கும் முடிவு தெரிந்திருக்கவில்லை. குரலில் உற்சாகம் பொங்கியது.

“ஏய் மூச்சு, யாரு அந்தப் பையன்? எங்கேர்ந்து புடிச்சாங்க? எனக்கே உடம்பு சிலுத்துப்போச்சு.”

“நான்தான்.”

“இல்ல, விரட்டறது நீ. அது தெரியும். நான் கேக்கறது அந்தப் பேயி…”

“அதுவும் நான்தான்டா. பதினாறு வயசுல.”

அவன் பக்கத்தில் வண்டிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, “யாரு குடுத்தா?” என்று கேட்டான். கேட்ட மாத்திரத்தில் விடையும் தெரிந்துவிட்டதுபோல, “சரி, விடு, சொல்லாத” என்றான்.

அக்கா வந்தபோது வாயில் மன்னிப்பும் கையில் கைபேசியும் இருந்தன. நேரம் போதவில்லை என்றாள். மாற்ற உட்கார்ந்தபோது முதலாளி ஏற்றிவிட்டார் என்றாள். மூச்சு எதிர்த்துப் பேசாததால் துணிவு வந்து, வந்து குவியும் பாராட்டுகளைப் படிக்கத் தொடங்கினாள். தூக்கம் வராது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. இதுவரை கேட்டதிலேயே இதுதான் பயங்கரம் என்று இன்னொன்று. “இதைக் கேளு, என்ன அருமையா எழுதியிருக்கு. ‘பேய் அவ்ளோ கெஞ்சுதே, அந்த அக்கா ஒரு நிமிஷம் நின்னு கேட்டிருக்கலாம்ல?’ அந்த அளவுக்கு உள்ள போயிருக்குடி கதை.”

“அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேக்கா.”

அக்கா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“மூணு பேரை வெச்சு எடுத்துப் பாத்தோம். ஒருத்தர் குரல்லயும் அந்தப் பயம் வரல. நடிப்பாத்தான் இருந்துச்சு. இது உண்மையா இருந்துச்சு, அதான்…”

“உண்மையா இருந்ததாலதான் உன்கிட்ட சொன்னேன்.”

“நீதானே சொல்லுவ, அந்தப் பையன் செத்துட்டான், அவனைப் பத்திப் பேசாதீங்கன்னு. செத்தவனோட குரல்தானேன்னு நினைச்சேன்.”

“ஊருக்குச் சொன்னது அது. கேள்வி கேக்கறவங்க வாயை அடைக்கச் சொன்னது. உனக்குமா அது? அந்தச் செய்தியில பேசினது பையன் இல்லக்கா. அதுவும் நான்தான். அன்னைக்கு எனக்கு இருந்தது அந்த ஒரு குரல்தான், அதுல பேசினேன். நீ ‘கேக்குதுடி’ன்னு சொன்னது யாருக்கு? பேய்க்கா?”

அக்காவுக்குக் கோபம் வந்தது. தன் சம்பளம், தன் தள்ளிப்போன திருமணம், அப்பாவோடு அறுந்துபோன பேச்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பட்டியல் நீண்டது, அதில் எதுவும் பொய்யில்லை. கடைசியில், “இவ்வளவும் யாருக்காகச் செஞ்சேன்? கொஞ்சமாவது நன்றி இருக்காடா உனக்கு?” என்றாள்.

‘டா’ விழுந்ததும் இருவரும் அதைக் கேட்டார்கள். அக்கா கையால் வாயை மூடிக்கொண்டாள். அடுக்களையில் குழாய் சரியாக மூடப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு எழுந்துபோய் அதை இறுக்கி மூடினாள். திரும்பிவந்து, அசலைக் கொடு என்று கேட்டாள். எதிரொலி சேர்க்காத, இழுக்காத, தாழ்த்தாத பழைய செய்தி. அவள் அன்று பேசி அனுப்பிய போன் அப்பா வீட்டோடு போய்விட்டது. அக்கா தரையைப் பார்த்தாள். போன் மாற்றியபோது அது அழிந்துவிட்டதாகவும், அதற்கு முன்பே கூடத்துக்குக் கொடுத்திருந்த பிரதியின் மேலேயே முதலாளி வேலை செய்துவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னாள். எந்த வாரத்தில் போன் மாற்றினாள் என்பது மூச்சுக்குத் தெரியும். தொடரின் முதல் பகுதிகூட அப்போது எழுதப்படவில்லை. தான் நிபந்தனை சொன்னதும் அக்கா சம்மதித்ததும் அதற்கும் பின்னால். ஆக, அக்கா சம்மதித்த அன்றே அந்தக் குரல் கூடத்தின் கையில் இருந்திருக்கிறது.

முதலாளி கெட்டவர் அல்லர். நடந்ததைக் கேட்டதும் உண்மையாகவே பதறினார். யாருடைய குரல் என்று அக்கா தன்னிடம் சொல்லவே இல்லை என்றார். ஆயினும், வெளிவந்ததைத் திரும்பப் பெறும் வழக்கம் இல்லை என்பதையும் அதே பதற்றத்துடன் சொன்னார். வேண்டுமானால் பெயர் போடலாம், பேயின் குரல் என்று தனியாக ஒரு வரி. வேண்டாம் என்று மூச்சு சொல்லிவிட்டாள். கோப்பின் ஒரு பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டாள்.

கூரியரின் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அவனுடைய அம்மா, தெரிந்த பெண்ணுக்கு என்று சொல்லி வாடகையைக் குறைத்துக் கொடுத்தாள். அங்கே இரவல் கணினியில் மூச்சு அந்தக் குரலைத் திரும்ப எடுக்க முயன்றாள். தாழ்த்தியதை ஏற்றினாள், இழுத்ததைச் சுருக்கினாள். குரல் கிட்டத்தட்ட வந்துவிட்டது. எதிரொலிதான் போகவில்லை. பாலில் கலந்த தண்ணீர் போல அது ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இறங்கியிருந்தது. எவ்வளவு துடைத்தாலும் அந்தப் பிள்ளை கிணற்றுக்குள் இருந்தபடியே பேசியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூரியர், இன்னொரு வழி பார்க்கலாமா என்று கேட்டான். இல்லை என்று தலையசைத்துவிட்டு, பாடநூல்களைப் பதிவுசெய்யும் இடமொன்றில் கிடைத்த புதிய வேலைக்கு அவள் கிளம்பிப் போனாள்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா அவளுடைய மீதித் துணிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். மாடிக்கு வரவில்லை, கீழே தெருவில் நின்றாள். மெலிந்திருந்தாள். கூடத்தை விட்டுவிட்டதாகச் சொன்னாள். எப்போது வீட்டுக்கு வருவாய் என்று கேட்டாள்.

மூச்சு பையை வாங்கி, சுவரோரமாக வைத்தாள்.

“உங்க அக்கா உனக்கு என்ன செஞ்சாங்கன்னு யாராவது கேட்டா, எல்லாம் செஞ்சாங்கன்னுதான் சொல்லுவேன். அது பொய் இல்லக்கா. ஆனா இனிமே எதையும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. “சாப்பிட்டியா?” என்று மட்டும் அக்கா கேட்டாள்.

மூச்சு இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. “ம்” என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.